கண்மாய்க்குள் ஒரு பஸ் ஸ்டாண்ட்

பணி ஓய்வு பெற்ற தலைமைப் பொறியாளர் ஞானப்பிரகாசம், ஊரமைப்புத் தொழிலைப் புதிதாகக் கற்றுக்கொள்ள செண்பகவல்லியிடம் சீடராகச் சேர்ந்தார். அவரைவிட குருவுக்கு வயது குறைவு. அதனால் குரு சீடரை 'சார்' என்றும், சீடர் குருவை 'மேடம்' என்றும் அழைத்தார்கள்.

ஒருநாள் சீடர் கேட்டார்.

"ஜனங்களே முடிவு பண்ணணும்னா நாம எதுக்கு மேடம்? நாம முடிவு பண்ணணும்னா ஜனங்க எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை நல்லாங்குறிச்சிக்கு வாங்க சார்."

நல்லாங்குறிச்சியில் புது பஸ் ஸ்டாண்ட் எங்கே கட்டுவது என்பது தீராத சண்டை. ஒவ்வொரு திட்டத்துக்கும் கறுப்புக்கொடி. இந்தமுறையும் முடியாவிட்டால் திட்டம் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். சீடர்தான் முதலில் பேசினார். திரையில் வரைபடங்கள் வந்தன, போயின. பாதிப் பேர் வடை தின்றார்கள். மீதிப் பேர் தின்றுவிட்டுத் தூங்கினார்கள்.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

யாரும் வாய் திறக்கவில்லை.

சீடர் பூரித்துப்போய் குருவிடம் வந்தார். "ஏகமனதா ஒத்துக்கிட்டாங்க மேடம்."

"முழிச்சதும் கொடி பிடிப்பாங்க சார்" என்றார் செண்பகவல்லி.

அவர் ஒரு சாக்பீஸை எடுத்தார். நாற்காலிகளை ஓரங்கட்டச் சொன்னார். மண்டபத் தரையில் ஊரை வரைந்தார். இது ஆஸ்பத்திரி, இது கடைவீதி, இது மாட்டுச்சந்தைத் திடல், இது கண்மாய்.

"பஸ் ஸ்டாண்ட் எங்க வேணுமோ அங்க போய் நில்லுங்க."

தூக்கம் கலைந்தது. பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜவுளிக்கடை இசக்கிமுத்து தன் கடை வாசலில் போய் நின்றார். அவர் முறைத்த முறைப்பில் கடைப் பையன்கள் அத்தனை பேரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் அவரவர் வீட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"மாசமா இருக்கிறவ கடைவீதியில இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தா வருவா?" என்றாள் ஆஸ்பத்திரியில் நின்ற முத்துப்பேச்சி.

"ஆஸ்பத்திரி வாசல்ல ஹாரன் அடிச்சா நோயாளி பொழைப்பானா?" என்றார் இசக்கிமுத்து.

சண்டை முற்றியது. கடைசியில் யாரோ சமாதானம் சொன்னார்கள். "கண்மாய் வறண்டு சும்மாதானே கெடக்கு? அது யாருக்கும் பக்கமில்ல. அதனால யாருக்கும் பொறாமையுமில்ல."

நியாயமாகப் பட்டது. ஊரே நகர்ந்து சாக்பீஸ் கண்மாய்க்குள் இறங்கியது. கைதட்டினார்கள். இசக்கிமுத்துவும் முத்துப்பேச்சியும்கூட அருகருகே நின்றார்கள்.

சீடர் குருவிடம் ஓடி வந்தார். "மேடம், இது மக்கள் முடிவு. இப்ப என்ன செய்ய?"

"எல்லாரும் பேசிட்டாங்க. கண்மாய் மட்டும் பேசல. அதுக்கு வாயில்ல, உங்களுக்கு இருக்கு. போங்க சார்."

ஞானப்பிரகாசம் கூட்டத்தை இடித்துக்கொண்டு கண்மாயின் நடுவில் போய் நின்றார். திரை இல்லை, மைக் இல்லை. கையைக் கழுத்தில் வைத்துக் காட்டினார்.

"ஐப்பசி மழைக்கு இந்த இடத்துல தண்ணி இவ்வளவு நிக்கும்."

முத்துப்பேச்சி புடவையை லேசாகத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே வந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள்.

"அப்ப எங்கதான் போறது?" என்றார் இசக்கிமுத்து.

சீடர் பதில் சொல்ல வாயெடுத்தார். குருவைப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, "நீங்களே சொல்லுங்க. எங்கெங்க தண்ணி நிக்காதுன்னு நான் சொல்றேன்" என்றார்.

பேச்சு சாயங்காலம் வரை ஓடியது. கடைசியில் எல்லோரும் மாட்டுச்சந்தைத் திடலில் நின்றார்கள். ஆஸ்பத்திரிப் பக்கமாக ஒரு வாசல் வேண்டும் என்றாள் முத்துப்பேச்சி. அந்த வழியில் ஓடும் வாய்க்கால்மேல் சின்னப் பாலம் ஒன்று கட்டினால் முடியும் என்றார் சீடர். டவுன் பஸ் கடைவீதியில் நின்று போகவேண்டும் என்றார் இசக்கிமுத்து. அதற்கும் வழி கண்டார்கள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் சீடர் குருவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

"மேடம், போன வருஷம் வேலையில இருந்தப்ப நானே மாட்டுச்சந்தைன்னுதான் சொன்னேன். கறுப்புக்கொடி காட்டினாங்க."

"அப்ப ஆஸ்பத்திரிப் பக்கம் வாசல் வச்சிருந்தீங்களா?"

"இல்ல."

சற்று தூரம் போனதும் மறுபடி கேட்டார். "இந்த பஸ் ஸ்டாண்டுக்குத் திட்டம் போட்டது யாரு? நாமளா, அவங்களா?"

செண்பகவல்லி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"அங்க பஸ் ஏறப்போற யாருக்கும் இந்தச் சந்தேகம் வராது சார்."