காற்றுக்கு அடங்காத எருக்கு

அந்தக் காலத்தில், செடிகளும் காற்றும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, எருக்கஞ்செடி வருஷத்துக்கு ஒரே ஒரு விதைதான் காய்த்தது. நெல்லிக்கொட்டை பருமன், மேலே கொஞ்சம் பஞ்சு. காற்று அதைத் தூக்கிப்போய் எங்காவது போடும். பாறையும் குளமுமாகக் கிடந்த அந்தப் பொட்டலில் முளைத்தால் உண்டு.

எல்லா எருக்கும் பட்டுப்போய்க் கடைசியில் ஒருத்திதான் மிஞ்சியிருந்தாள். நாற்பத்தொன்பது விதை கொடுத்தும் ஒன்றுகூட முளைக்கவில்லை. வேர் உளுத்துவிட்டது. இந்த வருஷமும் தவறினால் எருக்கு என்ற பேரே இருக்காது.

காற்று வந்து நின்றது. "விதையக் குடு, கிளம்பணும்."

"அம்பதுல ஒண்ணு மண்ணுல விழும்னு சொன்னியே. நாப்பத்தொம்பது போயாச்சு. அப்ப இது மண்ணுலதானே?" என்றாள் எருக்கு.

காற்றுக்குச் சிரிப்பு வந்தது. "போனதையெல்லாம் நானா ஞாபகம் வச்சிருக்கேன்? கண்ண மூடிக்கிட்டு வீசுறவன் நான். இதுக்கும் அதே அம்பதுல ஒண்ணுதான். உன் தலையெழுத்து, நான் என்ன பண்ண?"

எருக்குக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இத்தனை வருஷமும் இவன் தயவுக்குக் காத்துக்கிடந்தோமே என்று தன்மேலேயே வந்த கோபம்.

"ஒத்த விதைய வச்சுக்கிட்டு உன்கிட்ட கெஞ்சுனது என் தப்பு. ஐநூறு குடுத்தா என்ன பண்ணுவ?"

"ஐநூறையும் பாறையிலயே போட்டுட்டா?"

"போடேன், பாப்போம். கண்ண மூடிக்கிட்டு வீசுறவனால அது ஆகாது."



எருக்கு தன் ஒரே விதையைத் தானே கிழித்தாள். கிழிக்கக் கிழிக்க உடம்பெல்லாம் பால் வடிந்தது. உயிர்போகிற வலி. ஐந்நூறு துணுக்காகும்வரை அவள் நிறுத்தவில்லை. பஞ்சையும் பிய்த்து ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கொத்து வைத்து, "இந்தா, கொண்டு போ" என்றாள்.

காற்று மூச்சுப்பிடித்து வீசியது. பாறையிலும் குளத்திலும் விழுந்தவைதான் அதிகம். அவற்றுக்காக அவள் அழுதாள். ஆனால் மழை விட்டதும் ஒன்பது கன்றுகள் தலைதூக்கின. ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் வரவேண்டிய பத்துக்கு ஒன்று குறைவு, அவ்வளவுதான். அடுத்த வருஷம் அந்த ஒன்பதும் ஆளுக்கு ஐந்நூறு விதை கொடுத்தன. காற்று கண்டபடி சுழன்று பார்த்தது. தொண்ணூறு வரவேண்டிய இடத்தில் தொண்ணூற்றொன்று வந்தன. அதற்குமேல் காற்றுக்குப் போக்குக் காட்ட வழியில்லை.

அன்று முதல்தான் எருக்கை எங்கே கிள்ளினாலும் பால் வடிகிறது, காய் வெடித்தால் விதைகள் கூட்டமாகப் பறக்கின்றன. அன்று முதல்தான் சுவர் வெடிப்பிலும் தண்டவாள ஓரத்திலும், யாரும் நடாமல், யாரும் நீரூற்றாமல், எருக்கு நிமிர்ந்து நிற்கிறது.