ஒரு முடிச்சுக்கு இரண்டு பேர்

படார்!

முதலில் சத்தம்தான் வந்தது. காதோரம் யாரோ வெடியைக் கொளுத்திப் போட்ட மாதிரி, மூங்கில் புதருக்குள்ளிருந்து. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"வெடியா மிஸ்?" என்று ஜெபராஜ் கேட்டு முடிப்பதற்குள், முன்னால் நடந்த வனக்காவலர் சடையன் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். ஆறாம் வகுப்பு மொத்தமும் அப்படியே நின்றது. மறுபடியும் ஒரு படார். வெடி இல்லை, மூங்கில். முழு மூங்கிலைக் குச்சி ஒடிப்பதுபோல் ஒடிக்கிறவர் காட்டில் ஒருவர்தான் உண்டு.

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறேன். காலையில் வாசலில் நடந்ததைச் சொல்லாவிட்டால், கடைசியில் நான் கேட்கப்போகும் கேள்விக்கு உங்களால் விடை சொல்ல முடியாது.

சரணாலய வாசலில் அன்று காலை சடையன் ஒரு நீளக் கயிற்றை மடியில் போட்டு, அதில் சிக்கிய முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பள்ளிப் பிள்ளைகள் அந்தக் காட்டுக்குள் கயிற்றைப் பிடித்துத்தான் நடக்க வேண்டும். கயிறு நெடுக முடிச்சுகள், ஒரு முடிச்சுக்கு இரண்டு பேர்.

"கயித்த விடக் கூடாது. நான் கையத் தூக்கினா, எறக்கற வரைக்கும் மூச்! ஏதாவது கோளாறுன்னா கத்தாதீங்க. கயித்த ரெண்டு தரம் சுண்டுங்க. ஒவ்வொருத்தரா சுண்டிச் சுண்டி எங்கிட்ட வந்து சேந்துடும்."

"வாட்ஸப் மாதிரியா அண்ணா?"

"ஆமா கண்ணு. ஆனா இதுக்கு டவர் வேண்டாம்."

அமலோற்பவம் டீச்சர் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். "நான் பேர் சொல்லிக் கூப்பிட்டா, எங்க இருந்தாலும் 'பிரசன்ட் மிஸ்' வரணும். சத்தியமா?"

"சத்தியமா மிஸ்!"

"யாரு சரியா நடந்துக்கறாங்களோ, திரும்பும்போது என் முன்சீட் அவங்களுக்கு."

வேனில் முன்சீட் என்றால் சும்மாவா! அகலக் கண்ணாடி, பாட்டை மாற்றுகிற பொத்தான், டிரைவருக்குப் பக்கத்தில் ராஜ மரியாதை. பிள்ளைகள் கயிற்றை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது மூங்கிலுக்கு வருவோம். சடையன் இன்னொரு கையால் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து உதிர்த்தார். அது பிள்ளைகள் பக்கமாகப் பறந்தது. அதாவது காற்று யானையிடமிருந்து வருகிறது. இவர்கள் வாடை அதற்குப் போகாது. இனி அதற்குக் காதுதான் துணை.

வரிசைக் கடைசியில் வந்த டீச்சர், முன்னால் ஒரு பிள்ளை விசும்புவதைக் கண்டு அங்கே நகர்ந்தார். அந்த நேரம் பார்த்து, கடைசி முடிச்சில் இருந்த யாழிசையின் காலில் அட்டை ஏறிவிட்டது. அட்டை ஏறினால் எந்தக் கை சும்மா இருக்கும்? யாரிடமும் சொல்லாமல் கயிற்றை விட்டாள். பின்னால் இருந்த மருத மரத்தடியில் குந்தி, அட்டையைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

தூக்கிய கையை இறக்காமலே சடையன் மறு கையால் சைகை காட்டினார்: நடங்கள், வேன் பக்கம்தான். கயிறு நகர்ந்தது. அதே முடிச்சில் இருந்த சுபைதா பக்கத்தில் பார்த்தாள். ஆளைக் காணோம். திரும்பினாள். மரத்தடியில் தோழி குனிந்திருக்கிறாள். ஓடினால் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம். ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டாள். அப்புறம் அந்தக் காலைத் திரும்ப வைத்துக்கொண்டு கயிற்றைச் சுண்டினாள். இரண்டு தரம்.

சுண்டல் கைக்குக் கை ஓடியது. சடையன் சட்டென்று நின்றார். அவர் திரும்பவும் மூங்கில் விலகவும் சரியாக இருந்தது. தாய் யானை, காலடியில் குட்டி. மரத்துக்கும் கயிற்றுக்கும் நட்டநடுவே!

"யாழிசை!" டீச்சர் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

யானையின் காதுகள் விரிந்தன.

பதில் இல்லை. யாழிசை எழுந்து மரத்தோடு மரமாக ஒட்டி நின்றாள்.

அந்த நொடியில் ஜெபராஜ் தன் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை, கயிற்றுப் பக்கமாக இருந்த ஒரு பாறை மேல் வீசி எறிந்தான். டணார்! யானை மிரண்டு பிளிறியது. பாறைக்கு எதிர்ப்பக்கம், மருத மரத்தை உரசினாற்போல, குட்டியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. தரை அதிர்ந்தது. புழுதி அடங்கியபோது மரம் இருந்தது. மரத்தோடு யாழிசையும் இருந்தாள். சடையன் போய் அவளைத் தூக்கி வந்தார்.

வேன் வாசலில் சண்டை தொடங்கியது.

"நான் எறியலன்னா அது போயிருக்குமா? முன்சீட் எனக்குத்தான்!" என்றான் ஜெபராஜ்.

"யானை என்னை உரசிட்டுப் போச்சுடா. நான் மூச்சுக்கூட விடல" என்றாள் யாழிசை.

"மிஸ் கூப்பிட்டாங்க, நீ பதில் சொல்லல. சத்தியத்த மீறிட்ட" என்று ஜெபராஜ் மடக்கினான்.

சுபைதா மெதுவாக, "நான் கயித்தச் சுண்டினேன்" என்றாள்.

"பிரண்டாம் பிரண்டு! பிரண்ட விட்டுட்டுக் கயித்தப் புடிச்சிட்டு நின்னவளுக்கு முன்சீட்டா?" என்றான் ஜெபராஜ்.

மூன்று பேர், ஒரே ஒரு சீட். நீங்கள் டீச்சராக இருந்தால் வேன் கதவை யாருக்குத் திறந்துவிடுவீர்கள்? இதில் யார் செய்தது சரி?

என் மனசுக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஜெபராஜுக்கு நல்ல மனசுதான். ஆனால் யானையை மரத்தின் பக்கம் விரட்டியதே அவன் பாட்டில். யாழிசையைச் சத்தியத்துக்காகக் குறை சொல்ல முடியாது. கை தூக்கியிருந்தால் பேசக்கூடாது, பெயர் சொன்னால் பேச வேண்டும். இரண்டையும் எந்தப் பிள்ளையால் காப்பாற்ற முடியும்? டீச்சரே அதை ஒத்துக்கொண்டு, "நீ வாயத் திறக்காததுதான் நல்லதும்மா" என்றார். ஆனால் சொல்லாமல் கயிற்றை விட்டவளும் அவள்தான். சுபைதா ஓடியிருந்தால் கடைசி முடிச்சில் ஆளே இருந்திருக்காது. கயிறு பாட்டுக்கு வேனுக்குப் போயிருக்கும்; இரண்டு பிள்ளைகள் காட்டில் இருப்பது யாருக்கும் தெரிந்திருக்காது. ஒருத்தி காணாமல் போனால் சொல்வதற்கு இன்னொருத்தி இருக்க வேண்டும், அதற்குத்தான் ஒரு முடிச்சுக்கு இரண்டு பேர். முன்சீட் சுபைதாவுக்கு. டீச்சரும் அப்படித்தான் தீர்த்தார். சுபைதா ஏறி உட்கார்ந்தாள், ஓரமாக நகர்ந்தாள், பக்கத்தில் தட்டிக்காட்டி, "ஏறுடி" என்றாள். யாழிசை ஏறினாள். ஜெபராஜ் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனான். வேன் கிளம்பியது. சடையன் வாசலில் உட்கார்ந்து, கயிற்றை மடியில் போட்டு, முள் பிடுங்க ஆரம்பித்தார்.