உயரமான நாற்காலி

இடைவேளை விட்டதும் செண்பகவல்லி விடை அட்டையோடு மேடையிலிருந்து உள்ளே வந்தாள். மேடைத் திரைக்குப் பின்னால் சற்குணம் சார் ஆற அமர டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மாவட்ட வினாடி வினாவுக்குப் பல வருஷமாகக் கேள்வி எழுதுகிறவரும் கேட்கிறவரும் அவர்தான். முழங்கால் வலி படுத்தவே, இந்த வருஷம் கேட்கும் நாற்காலியைத் தன் பழைய மாணவி செண்பகவல்லியிடம் விட்டிருந்தார். அவள் வரலாற்று டீச்சராகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாற்காலியோடு ஒரு விதியும் வந்தது. அட்டையில் இருப்பதுதான் விடை, மேடையில் வாதம் கிடையாது.

விதி நல்ல விதிதான், ஏழாம் வகுப்பு நூர்ஜமீலா எழுந்து நிற்கும்வரை.

மறுமலர்ச்சிக் காலச் சுற்றின் கடைசிக் கேள்வி அது: "உலகில் முதன்முதலில் தனித்தனி அச்செழுத்துகளைக் கோத்து அச்சிட்டவர் யார்?"

"சீனாவின் பி ஷெங்" என்றாள் நூர்ஜமீலா.

அட்டையில் கூட்டன்பர்க் என்று இருந்தது. செண்பகவல்லி தவறு என்று மணியடித்தாள்.

"மிஸ், கூட்டன்பர்க் ஐரோப்பாவுலதான் முதல் ஆள். அவருக்கு நானூறு வருஷம் முன்னாடியே இவர் களிமண்ணுல எழுத்து செஞ்சிட்டாரு."

"உட்காரும்மா."

உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, அழுதிருந்தால்கூடத் தேவலை. அந்த ஒரு கேள்வியில் அவள் அணி இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. முதல் அணிக்குத்தான் மாநிலப் போட்டி. இடைவேளை முடிந்ததும் முடிவை அறிவிக்க வேண்டும்.

"சார், அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி."

"தெரியும்."

"அட்டை நீங்க எழுதினது."

"அதுவும் தெரியும்."

"இப்ப மாத்திச் சொன்னா ஹெச்.எம்.கள் எல்லாம் சிரிப்பாங்க. முதல் தடவையே கோட்டை விட்டுட்டான்னு பேசுவாங்க. உங்க பேரும் கெடும். சொல்லாம விட்டா..."

அவள் அட்டையை மறுபடியும் பார்த்தாள்.

சார் டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"அந்தக் காலத்து ஐரோப்பாவுல மருத்துவம் எப்படிச் சொல்லிக் கொடுத்தாங்க, தெரியுமா?"

இந்த நேரத்தில் கதையா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் நின்றாள்.

"வாத்தியார் உயரமான நாற்காலியில உக்காந்து பழைய புத்தகத்தை வாசிப்பார். கீழே ஒரு நாவிதர் பிணத்தை அறுத்துக் காட்டுவார். கீழ்த்தாடையில ரெண்டு எலும்புன்னு புத்தகம் சொல்லும். அங்க கிடக்கிறது ஒண்ணுதான்."

"பக்கத்துல நின்ன பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"தெரிஞ்சாலும் வாத்தியார்கிட்ட யார் சொல்றது? அவர் அடுத்த பக்கத்துக்குப் போயிடுவார்."

"அந்தத் தப்பு எத்தனை காலம் ஓடுச்சு?"

"ஆயிரம் வருஷத்துக்கு மேல."

வெளியே மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். திரை இடுக்கில் எட்டிப் பார்த்தாள். மேடை நடுவில் அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. கீழே, கொடுத்த பிஸ்கட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள் நூர்ஜமீலா.

மைக் மறுபடியும் கூப்பிட்டது.

"அப்புறம் எப்படித்தான் சார் சரியாச்சு?"

சற்குணம் சார் அவள் கையிலிருந்த அட்டையை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு வாத்தியார் தானே அறுத்துப் பார்க்க நாற்காலியை விட்டுக் கீழே இறங்கினார்."