புகைபோக்கியை அடைத்த சாக்கு

"என் வீட்டை எப்படிம்மா சூடாக்குறது?"

கேட்டவர் பழனியாண்டி. நீலகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். சூட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

சாமியம்மா அவரைவிடப் பத்து வயது சின்னவர். கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

இன்று சொன்னார். "ஜன்னலைச் சாத்துங்கண்ணே."

"கை வர மாட்டேங்குதும்மா."

ஏன் என்று சாமியம்மா கேட்கவில்லை. எஸ்டேட்டுக்கே தெரிந்த கதை.

ஜன்னல் இடுக்குகளில் மைதாப் பசை தடவிப் பேப்பர் ஒட்டுவதில் பழனியாண்டி கெட்டிக்காரர். தொழிலாளர் லயத்தில் பாதி வீடுகளுக்கு அவர்தான் ஒட்டிக் கொடுத்தார். எறும்பு நுழைய இடம் விடமாட்டார். போன மார்கழியில் தன் வீட்டிலும் ஒட்டினார். மிச்சமிருந்தது புகைபோக்கி. காஸ் அடுப்பு வந்த பிறகு அதற்கு என்ன வேலை? அதில் ஒரு சாக்கைத் திணித்தார். உறைபனி விழுந்த அன்று கரி போட்ட கணப்புச் சட்டியை உள்ளே வைத்துக்கொண்டு மூன்று பேரும் படுத்தார்கள்.

காலையில் அக்கம்பக்கத்தார் கதவை உடைத்துத் தூக்கினார்கள். அவரும் மகள் சுகந்தியும் பிழைத்தார்கள். கணப்பிலிருந்து வந்த நச்சுக் கரிக்காற்று மனைவி பவளத்தைக் கொன்றுவிட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எதுவும் சாத்தப்படவில்லை. இப்போது சுகந்திக்கு மூச்சு இழுக்கிறது. வீடு கதகதப்பாக இருக்கவேண்டும், இல்லையென்றால் பிள்ளையை மலையிலிருந்து இறக்கிவிடுங்கள் என்றார் டாக்டர். பொங்கல் கழிந்ததும் அவள் மேட்டுப்பாளையத்துச் சித்தி வீட்டுக்குப் போகவேண்டும்.

"அவளும் போயிட்டா, நான் எதுக்கும்மா வீட்டுக்கு வரணும்?"

சாமியம்மா செருப்பை மாட்டிக்கொண்டார்.

நல்ல வெயில். ஆனாலும் பழனியாண்டியின் வீட்டுக்குள் சுகந்தி கம்பளியில் சுருண்டு கிடந்தாள். வாசல் ஆணியில் அந்தச் சாக்கு தொங்கியது. கணப்பைப் பள்ளத்தில் வீசியவருக்கு அதை வீச முடியவில்லை.

சாமியம்மா அதை எடுத்தார்.

"அதைத் தொடாதீங்கம்மா."

சாமியம்மா சாக்கை உதறினார். சிமென்ட் தரையில் விரித்து, அதன்மேல் சுகந்தியின் பாயைப் போட்டார்.

"பாதிக் குளிர் தரையிலேர்ந்துதான் ஏறுது."

பிறகு புகைபோக்கிக்குள் கையை நீட்டிப் பார்த்தார். காற்று வந்தது.

"பவளம் எங்கே படுத்திருந்தா?"

பழனியாண்டி சுவரோரம் காட்டினார். சாமியம்மா அங்கே போய்ப் படுத்துக்கொண்டார்.

"வெயில் உள்ளே வரட்டும். மூணு மணிக்கு, பனி இறங்குறதுக்கு முன்னாடி சாத்துங்க. கணப்பு வேண்டாம். புகைபோக்கி திறந்தே இருக்கட்டும்."

மூன்று மணிக்குப் பழனியாண்டி ஜன்னலருகே போனார். நான்கு மணிவரை அங்கேயே நின்றார் என்று சுகந்தி பிறகு சொன்னாள். பிள்ளைகள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்.

ஒரு ஜன்னலைச் சாத்தினார்.

"அம்மா?"

"இருக்கேன்."

இன்னொன்றையும் சாத்தினார்.

"அம்மா?"

"இருக்கேண்ணே."

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவர் அழுதார். ஒரு வருஷமாக அழாத அழுகை.

"புகைபோக்கியை அடைக்கச் சொன்னது அவதாம்மா. குளிருதுங்க, அதையும் அடைச்சிருங்கன்னா. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா, பழியை அவமேல போட்ட மாதிரி ஆயிரும்."

சாமியம்மா கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார்.

கதவு மட்டும் திறந்து கிடந்தது. அதைச் சாத்தப் பழனியாண்டிக்கு மனம் வரவில்லை.

பொழுது சாயும்போது சாமியம்மா எழுந்தார். பழனியாண்டி புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது அவளுக்குன்னு திறந்தே இருக்கட்டும்."

"இல்லண்ணே. அது உங்க ரெண்டு பேருக்கும்." வாசலில் நின்று செருப்பைத் தேடினார். "பவளத்துக்கு இனிமே காத்து வேண்டாம்."

அவர் தேயிலைச் சரிவில் இறங்கி மூடுபனியில் மறைந்தார். பழனியாண்டி கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

"குளிருதுப்பா," என்றாள் சுகந்தி உள்ளேயிருந்து. "அதையும் சாத்திருங்க."

சாத்தினார்.