டீசல் இறங்காத வண்டி

மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதை நடத்திவந்த ஞானாம்பாளுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். அவரிடம் சீடராக வந்த தீத்தாரப்பன் அறுபதைத் தாண்டியவர். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த சில வாரங்களில் வீட்டை மகன் பொறுப்பில் விட்டுவிட்டு மடத்துக்கு வந்தார். அதன் பிறகு திரும்பிப் போகவில்லை.

மடத்தில் ஒரு பழைய வேன் உண்டு. மலை மேலிருக்கும் ஊர்களிலிருந்து நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. தீத்தாரப்பன்தான் ஓட்டினார். எந்த நேரம் கூப்பிட்டாலும் போவார். முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. அதிகம் பேசியும் பார்த்ததில்லை.

மாலையில் ஞானாம்பாள் பேசுவார். தீத்தாரப்பன் முன்னால் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்பார். ஒருநாள் எல்லோரும் எழுந்து போன பிறகும் அவர் மட்டும் எழவில்லை.

"அம்மா, நீங்க சொல்றது எல்லாம் புரியுது. ஆனா உள்ள இறங்க மாட்டேங்குது. ஏன்?"

ஞானாம்பாள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"வண்டி எப்படி இருக்குண்ணே?" என்று கேட்டார்.

தன் கேள்வி அம்மாவின் காதில் விழவில்லையோ என்று நினைத்தார் தீத்தாரப்பன். இருந்தாலும் பதில் சொன்னார். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, டீசல் போடும்போதுதான் தொல்லை, சீக்கிரத்தில் இறங்குவதில்லை என்றார்.

"அப்ப முதல்ல அதைப் பாருங்க."

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் மறுநாளே பார்க்கத் தொடங்கினார்.

பெட்ரோல் பங்கில் டீசல் பிடிக்கும் குழாய்த் துப்பாக்கியை டாங்கின் வாயில் வைத்து அழுத்தினால் ஒரு மடக்கு போகும். உடனே டக்கென்று நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடி டக். முதலில் பங்கின் மேல்தான் குற்றம் என்று நினைத்து வேறு பங்குக்குப் போனார். அங்கேயும் அதே கதை. வாயில் அடைப்பு இருக்குமோ என்று டார்ச் அடித்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. பங்கில் வேலை பார்த்த இசக்கியம்மாள் துப்பாக்கியைத் திருப்பி வைத்தும் பார்த்தாள், பாதி அழுத்தியும் பார்த்தாள்.

"ஐயா, உங்க வண்டி எதுக்களிக்குது," என்றாள்.

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. தீத்தாரப்பனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அதிலிருந்து கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவதே வழக்கமாயிற்று.

அப்படி இருக்கும்போதுதான் மழை பெய்த ஒரு காலையில் மலையிலிருந்து அழைப்பு வந்தது. செண்பகம் என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம், வலி கண்டுவிட்டது. தீத்தாரப்பன் மேலே போய் அவளையும் அவள் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு இறங்கினார். அடிவாரத்துக்கு வரும்போது டீசல் முள் அடியில் கிடந்தது. டவுன் இன்னும் தூரம். பங்கில் நிறுத்தினார்.

டக். டக். டக்.

உள்ளே செண்பகம் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். தீத்தாரப்பன் இசக்கியம்மாளைச் சத்தம் போட்டார். அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. பதறிப்போய் முழுக்க அழுத்தினாள். டீசல் பொங்கி வந்து அவர் சட்டையெல்லாம் தெறித்தது.

மாமியார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இறங்கின மட்டும் போதும், போங்க ஐயா என்றாள்.

போனார். இருந்த டீசல் எப்படியோ போதுமானதாக இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கொஞ்ச நேரத்தில் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். மாமியார் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள். சட்டையில் டீசல் நாற்றம் அடிக்கிறது என்று அவர் பின்வாங்கினார். உங்க வீட்டம்மா இருந்தா அவங்க கையில கொடுத்திருப்பேன், எங்க இருக்காங்க என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். வண்டியைக் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு தீத்தாரப்பன் வெளியே வந்துவிட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

குழந்தை நன்றாக இருக்கிறது என்று மட்டும் மடத்தில் சொன்னார். பங்கில் நடந்ததையும் ஆஸ்பத்திரியில் நடந்ததையும் மாமியார்தான் பிறகு போனில் ஞானாம்பாளுக்குச் சொன்னாள்.

மறுநாள் காலை தீத்தாரப்பன் வேனுக்கு அடியில் படுத்திருந்தார். ஞானாம்பாள் ஒரு பாயைக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் உள்ளே நகர்ந்து படுத்தார். தீத்தாரப்பன் தடுத்தும் கேட்கவில்லை. இரண்டு பேரும் டாங்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

"மூடியைத் திறக்கும்போது ஏதாவது சத்தம் வருமாண்ணே?"

"உஸ்ஸுன்னு காத்து வரும்மா."

"உள்ள என்ன இருக்கு இப்ப?"

"அடியில கொஞ்சம் டீசல். மீதி காலியாத்தான் கிடக்கு."

"காலின்னா அந்தக் காத்து எங்க இருந்து வந்துச்சு?"

தீத்தாரப்பன் டாங்கை விரலால் தட்டிப் பார்த்தார்.

"டீசல் உள்ள வந்தா அந்தக் காத்து எங்க போகும்?" என்றார் ஞானாம்பாள். "எனக்கு வண்டி தெரியாது. தெரியாமத்தான் கேக்கேன்."

தீத்தாரப்பன் கையை நீட்டித் தடவினார். டீசல் போகிற பெரிய குழாயை ஒட்டி, சுண்டுவிரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய் டாங்கிலிருந்து கிளம்பிப் போயிற்று. காற்று போக வர வைத்த குழாய், இத்தனை நாளும் கண்ணில் பட்டதுதான். அதன் வழியே விரலை ஓட்டிக்கொண்டே போனார். பின் சக்கரத்துக்கு மேலே, அதன் திறந்த முனையில், மண் இருந்தது. வழவழவென்று பூசிய மண். குளவி கூடு கட்டியிருந்தது.

குழாயைக் கழற்றி வெளியே எடுத்துவந்தார்கள். கம்பியால் குத்தக் குத்த மண் கட்டி கட்டியாக உதிர்ந்தது. குளவி தன் குஞ்சுக்குச் சேர்த்துவைத்த பச்சைப் புழு ஒன்றும் காய்ந்து விழுந்தது. ஞானாம்பாள் குழாயைத் துடைத்து ஒரு கண்ணில் வைத்து மேலே பார்த்தார். வானம் தெரிகிறது என்று சொல்லிச் சிரித்தார். தீத்தாரப்பனும் வாங்கிப் பார்த்தார்.

குழாயை மாட்டி, முனையில் சல்லடைத் துணி கட்டி, வண்டியை எடுத்தார். ஞானாம்பாளும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

பங்கில் இசக்கியம்மாள் தயங்கித் தயங்கித் துப்பாக்கியை வைத்தாள். டீசல் இறங்கியது. டக் என்ற சத்தத்துக்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். வரவில்லை. சீரான ஓசை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. தீத்தாரப்பன் வண்டியின் மேல் கையை வைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். டாங்க் நிரம்பியபோது துப்பாக்கி தானாக ஒரே ஒருமுறை நின்றது.

முந்தினநாள் சத்தம் போட்டதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார் அவளிடம். அவளுக்கு அது பெரிதாகவே படவில்லை. பிள்ளை பிறந்ததா என்றுதான் கேட்டாள். பெண்பிள்ளை என்றதும் முகம் மலர்ந்துபோனாள்.

திரும்பும் வழியில் தீத்தாரப்பன் உற்சாகமாக ஓட்டினார். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்:

"அம்மா, அன்னைக்கு ஒண்ணு கேட்டேன். நீங்க இன்னும் பதில் சொல்லல."

ஓரமாக நிறுத்துங்கள் என்றார் ஞானாம்பாள். சாலையோர வேப்ப மரத்தடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"இத்தனை வருஷமா நான் பேசுதேன், நீங்க கேக்கீங்க," என்றார் ஞானாம்பாள். "மதினி பேரு என்னன்னுகூட எனக்குத் தெரியாது."

தீத்தாரப்பன் எதிரே இருந்த சாலையையே பார்த்தார். ஒரு லாரி கடந்து போயிற்று. அப்புறம் ஒரு பஸ்.

"மாடத்தி," என்றார்.

வாய்விட்டு அந்தப் பெயரைச் சொல்லி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. குரல் அவருடையதுபோலவே இல்லை.

"சத்தமாச் சிரிப்பாம்மா. அடுத்த தெரு வரைக்கும் கேக்கும்."

அதற்கு மேல் வரவில்லை.

ஞானாம்பாள் கையை எட்டித் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டார். பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"சொல்லுங்கண்ணே. எனக்கு இன்னைக்கு வேற வேலை இல்ல."