பூங்கோதை நின்ற இடம்

"மூச்சை உள்ளே இழுக்கிற அந்த ஒரு கணம் இருக்கிறதே, அப்போது வாசிக்கிறவன்…" என்று ஒரு பெரியவர் சொன்னார். படத்தின் பூஜையன்று மேடையில் பேசியவர். வாசிக்கிறவன் என்ன ஆகிறான் என்பதையும் சொல்லித்தான் முடித்தார். பரஞ்சோதிக்கு மறந்துவிட்டது. அன்று அவருடைய கவனமெல்லாம் கழுத்தில் விழுந்த மாலையின்மேல்.

முப்பது வருஷம் வில்லனின் அடியாளாகவும் கதாநாயகியின் அப்பாவாகவும் வந்துபோனவர். ஐம்பத்தாறு வயதில் கிடைத்த முதல் பெரிய வேஷம், நாதஸ்வர வித்வான். ஸ்பீக்கரில் பாட்டு ஓடும். அதற்கு வாயும் விரலும் ஒத்துப்போக வேண்டும்.

சொல்லிக்கொடுக்கப் பூங்கோதை வந்தாள். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். படத்தில் ஒலிக்கும் கரகரப்ரியா அவள் வாசித்தது. அந்த ஒலிப்பதிவோடு நுரையீரல் கெட்டுப்போனது. இனி ஊதினால் உயிருக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணத்திலும் கோயிலிலும் இருபது வருஷம் வாசித்ததை யார் பிடித்து வைத்தார்கள்? அவள் வாசிப்பு என்று மிஞ்சியது அந்தப் பதிவின் ஆறு நிமிஷம்தான்.

அவள் அவரை அண்ணே என்பாள். அவர் கேலியாக ஆசானே என்று தொடங்கி, ஒரு வாரத்தில் கேலியை விட்டுவிட்டார்.

நாற்பது நாளில் விரல்கள் படிந்துவிட்டன. ஆனாலும் சாலிகிராமத்தில் செட்டாகப் போட்ட பிளாஸ்டர் கோயில் மண்டபத்தில், பாட்டைப் படமாக்கிய அன்று காலை ஆறு டேக் வீணாயின. அண்ணன் வாசிக்கிறாரா இளநீர் உறிஞ்சுகிறாரா என்று உதவி இயக்குநர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது அவர் காதில் விழுந்தது. நாளைக்கும் சரிவராவிட்டால் முகமே வேண்டாம், வேறொருவர் கையை மட்டும் காட்டிவிடலாம் என்றார் இயக்குநர்.

சாப்பாட்டு வேளையில் பரஞ்சோதி அவளிடம் போனார். வேஷம் போனால் போகட்டும், உங்கள் பாட்டை நான் பொய்யாக்கிவிடுவேன் போலிருக்கிறது என்றார்.

"என்கிட்ட எது பொய், ஆசானே?"

"பாட்டு வந்தப்புறம் மூச்சு எடுக்கறீங்க அண்ணே. வாசிக்கிறவளுக்கு மூச்சுதான் முதல்ல. பாட்டு வருமா வராதான்னு அப்ப தெரியாது. உங்களுக்கு வந்துடும்னு தெரியும்."

"தெரிஞ்சதை எப்படி மறக்கிறது?"

பூங்கோதை படப்பிடிப்புக்கென்று வைத்திருந்த நாதஸ்வரத்தை எடுத்தாள். அதன் ஊதுவாயான சீவாளியைச் சத்தம் எழாதபடி முன்பே பிளந்து வைத்திருந்தார்கள். ஒலிப்பதிவுக்காரரிடம் பாட்டைப் போடச் சொன்னாள்.

அவள் மூச்சு எடுத்தாள். பிறகுதான் பாட்டு வந்தது.

இலைக்கு முன்னால் இருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். கேலி பேசிய உதவி இயக்குநர் ஸ்பீக்கரை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

நாலாவது நிமிஷத்தில், ராகம் மேலே ஏறும் ஓரிடத்தில், மூச்சை இழுத்தாள். இழுத்தபடியே நின்றுவிட்டாள். விரல்கள் துளைகளின்மேல் அசையாமல் இருந்தன. ஸ்பீக்கரில் பாட்டு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மூச்சு முட்டிவிட்டது என்று பயந்து பரஞ்சோதி தண்ணீரை நீட்டினார். வேண்டாமென்று தலையசைத்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? பாட்டு போகுதே."

"அது நானில்லை அண்ணே. ஸ்டுடியோவுல இந்த இடத்துலதான் எனக்கு வாயில ரத்தம் வந்துச்சு. மிச்சத்தை வேற ஆளை வாசிக்கவெச்சு ஒட்டிட்டாங்க."

அந்த இடத்தைப் பரஞ்சோதி ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பார். அதற்கு விரல் அசைத்திருந்தார், கண்கூட மூடியிருந்தார்.

"நாற்பது நாளா சொல்லலியே."

"உங்களுக்கே கேட்கும்னு இருந்தேன்."

"எனக்குக் கேட்கலை. யாருக்குமே கேட்கலையே, ஆசானே."

பூங்கோதை சீவாளியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நல்லா ஒட்டியிருக்காங்க" என்றாள்.

மறுநாள் எடுக்கப்போகும் ஏழாவது டேக்கில், அவள் நின்ற அந்த இடம் வந்ததும் நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்துவிடுவது என்று பரஞ்சோதி முடிவு செய்தார்.