நாக்குமீன் கண்ணை மேலே ஏற்றிக்கொண்டது

மீனும் ஆமையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நாக்குமீனும் மற்ற மீன்களைப் போல நிமிர்ந்துதான் நீந்தியது. முகத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண். பார்க்க லட்சணமாகவே இருந்ததாம். கரைக்குச் சற்றுத் தள்ளி, கடலடியில், சலித்துக் கொட்டிய மாதிரி ஒரு மணல் திட்டு அதற்கு வீடு.

அந்த வருஷம் வாடைக்காற்று பேயாக அடித்தது. கரை மணலை அலை மொத்தமாக வாரிக்கொண்டு போய்விட்டது. மாசி மாதம் முட்டையிட வந்த ஆமை கரையேறிப் பார்த்தால், வெறும் பாறையும் களிமண்ணும். வயிற்றில் நூறு முட்டை. மிஞ்சினால் மூன்று நாள் தாங்கும். பாவம், நேரே நாக்குமீன் வீட்டுக்குத்தான் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் மைனி, அதாவது மதினி, என்று முறை சொல்லிப் பழகியவர்கள்.

“மைனி, ஒன் மணல்ல கொஞ்சம் குடு. கரையில போட்டு முட்டைய பொதைக்கணும்.”

பக்கத்தில் பாதி புதைந்து கிடந்த சங்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“கரைக்கு வெண்ணெய், கடலடிக்குச் சுண்ணாம்பா? மணல் சும்மா கெடக்குன்னு நெனச்சியா? அதுக்குள்ளதான் நான் இருக்கேன், எம் புள்ளைங்க இருக்கு. தெக்கே பள்ளத்துல குவிஞ்சு கெடக்கே, அத அள்ளேன்.”

“அது சேறு அண்ணாச்சி. அதுல பொதைச்சா முட்டை அழுகிரும்.”

“சரி, இத அள்ளிப் போட்டா மட்டும் நிக்குமா? அடுத்த வாடையில அலை கொண்டு போயிரும். அப்பவும் வந்து நிப்பியா?”

ஆமைக்குப் பொய் சொல்ல வராது. “வருவேன்தான். வேற எங்க போவேன்?” என்றது.

நாக்குமீன் யோசித்தது. மணல் போனால் ஒளிய இடமில்லை. பெரிய மீன் வாயில் போக வேண்டியதுதான். ஆனாலும் மைனியின் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“அண்ணாச்சி பக்கத்தத் தொடாத. எம் பக்கத்துல எடுத்துக்க. ஆனா குஞ்சு பொரிச்சதும் கூட்டிட்டு வந்து காட்டணும்.”

ஆமை தலையைத் தொங்கப்போட்டது. “நானே பாக்க மாட்டேன் மைனி. முட்டைய மூடிட்டுப் போயிரணும், அதான் எங்க வழக்கம். எத்தனை கடலுக்கு வந்து சேந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நீ பாத்துச் சொல்லுதியா?”

“ஒண்ணு விடாம பாத்துச் சொல்லுதேன்.”

திருக்கை மீன்கள் உதவிக்கு வந்து, சிறகை வீசி மணலைக் கிளப்பின. அலை அதைக் கரையில் ஒதுக்கியது. ஆமை முட்டையிட்டு மூடிவிட்டுப் போனது. நாக்குமீனுக்கு மிஞ்சியது ஒரு விரல்கடை மணல். நீரோட்டம் அதையும் அரிக்கத் தொடங்கியதால், பக்கவாட்டில் படுத்து உடம்பால் அழுத்திக்கொண்டது. ஒரு கண் மேலே, ஒரு கண் மண்ணுக்குள்.

ஐம்பதாம் நாள் விடிகாலையில், தலைக்கு மேலே பொடிப்பொடியாக ஆமைக்குஞ்சுகள் வந்தன. ஒற்றைக் கண்ணுக்கு இந்தப் பக்கம் போனவை மட்டுமே தெரிந்தன. எழுந்தால் மணல் போய்விடும். எழாவிட்டால் சொன்ன சொல் போய்விடும். நாக்குமீன் பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணுக்குள் இருந்த கண்ணை இழுத்தது. வாய் கோணிப்போனது. உயிர் போகிற வலி. இழுத்த இழுப்பில் அந்தக் கண் நெற்றியைத் தாண்டி மேலே வந்து, மற்றக் கண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

அடுத்த மாசியில் வந்த ஆமை மணலைப் பற்றிக் கேட்கவில்லை. “எத்தனை மைனி?” என்றுதான் கேட்டது.

“எம்பத்தாறு. கடைசியா வந்தது கொஞ்சம் நோஞ்சான். ஆனா ஒன்ன மாதிரியே பிடிவாதம், கடலுக்கு வந்து சேந்துட்டு.”

ஆமை அந்தக் கோணல் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதது.

அந்த வருஷத்திலிருந்துதான், முகத்துக்கு இருபக்கமும் கண்ணோடு பிறக்கும் நாக்குமீன் குஞ்சு, மணலில் படுக்கப் பழகும்போதே ஒரு கண்ணை மேலே ஏற்றிக்கொள்கிறது. மைனி பிள்ளைகளில் ஒன்றுகூடப் பார்வைக்குத் தப்பிவிடக் கூடாதே!